முப்பத்தோராம் பக்கத்தில் காலமானவன் எழுதுவது

பேஷன்ஸ் கிராமம்,
டெமராரா கிழக்குக் கரை.
ஆகஸ்ட் 7, திங்கள்.

கர்த்தருக்குள் அன்பான என் அண்ணன் மகள் வெர்லினுக்கு, உன் சித்தப்பா சைலஸ் ட்ராட்மன் தன் கைப்பட எழுதுவது.

நீ என்னைக் கொன்றுவிட்டாய்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன் நலத்தை விசாரிக்கிறேன். நான் இங்கு நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் முப்பத்தோராம் பக்கத்தின்படி எனக்கு அந்த உரிமை இல்லை. பேஷன்ஸ் காங்கிரிகேஷனல் சபையின் நூற்றெழுபத்தைந்து ஆண்டு வரலாறு என்று நீ டொரொண்டோவில் உட்கார்ந்து தொகுத்து அச்சிட்டு அனுப்பிய புத்தகத்தில், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த டீக்கன்மார்’ என்ற தலைப்பின் கீழே ஏழாவது ஆளாக என்னைப் படுக்க வைத்திருக்கிறாய். அதுவும் எனக்கு மேலே வில்பர்ஃபோர்ஸ் செம்பிள். உயிரோடிருந்தபோதே அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை. இந்த ஏழாவது இடத்தால் என் பெயர் சபை உறுப்பினர் பட்டியலிலிருந்து போய்விட்டது. பட்டியலில் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. வரும் இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நம் மரக் கோயிலை இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டலாமா என்று சபைக் கூட்டம் ஓட்டெடுக்கப் போகிறது. இடிக்க வேண்டும் என்போர் இருபது பேர், கூடாது என்போர் என்னையும் சேர்த்து இருபது பேர். சமமாக வந்தால் தீர்மானம் விழுந்துவிடும், கோயில் நிற்கும். நான் செத்திருந்தால் பத்தொன்பதுதான். ஆகவே நீ கொன்றது என்னை மட்டும் அல்ல என்பதை முதலிலேயே தெரிந்துகொள்.

நீ அனுப்பிய அனுதாப அட்டை கிடைத்தது. ‘சைலஸ் ட்ராட்மன் குடும்பத்தாருக்கு’ என்று எழுதியிருந்தாய். குடும்பத்தார் என்று இந்த வீட்டில் இருப்பது நானும் ஒரு ஆடும்தான் என்பதால் நானே பிரித்தேன். அட்டை நன்றாக இருந்தது. லில்லிப் பூ மேலே எழும்பி நிற்கும்படி அச்சிட்டிருக்கிறார்கள், விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளே நீ எழுதியிருந்த நாலு வரியைப் படித்ததும், கோபமாக இருந்தபோதும், முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். பிற்பாடு தேவைப்படும்போது நீ இன்னொன்று வாங்க வேண்டாம்.

இது எப்படி நடந்தது என்று விசாரித்துவிட்டேன். பிப்ரவரியில் என் கைப்பேசி வாய்க்காலில் விழுந்தது, வேறு வாங்கவில்லை, வாங்குவதாகவும் இல்லை. ஜூன் மாதம் கோயிலின் தெற்குச் சுவருக்குப் பலகை பார்க்க எஸ்ஸெகிபோ ஆற்றில் மேலே போனேன். கடையில் விற்கும் பலகையை நம்பி நான் கோயிலில் ஆணி அடிக்க மாட்டேன், மரம் அறுக்கும் இடத்துக்கே போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுப்பேன், அதற்கு ஏழு வாரம் ஆகும், ஆயிற்று. அந்த நேரம் பார்த்து நீ கோயில் தொலைபேசிக்குக் கூப்பிட்டிருக்கிறாய். எடுத்தவள் நம் சபைச் செயலாளர் இஸ்மே. என்ன பேசினாய் என்று அவளை நிற்க வைத்துக் கேட்டேன்.

“சித்தப்பா எப்படி இருக்கார்னு கேட்டா, டீக்கனய்யா. போயிட்டாரேன்னு சொன்னேன்.”

“எங்கே போனேன்னு சொல்லலியா?”

“அவ எங்கேன்னு கேக்கலியே. ‘ஐயோ, எப்போ?’ன்னா. ‘செவ்வாக்கிழமை, வெளிச்சம் வர்றதுக்கு முந்தி’ன்னேன். ‘ரொம்பக் கஷ்டப்பட்டாரா?’ன்னா. ‘இல்ல, எப்பவும் போல எல்லாரையும் திட்டிக்கிட்டேதான் போனார்’னேன். ‘கூட யாரும் இல்லியா?’ன்னா. ‘யாரும் வரக் கூடாதுன்னுட்டார், தனியாத்தான் போனார்’னேன். உடனே அழ ஆரம்பிச்சுட்டா. படகுல போனதுக்கு எதுக்கு இப்படி அழறான்னு நெனச்சேன். வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு மனசு இளகிப்போயிருக்கும்னு விட்டுட்டேன்.”

“அவ போனை வெக்கறப்போ என்ன சொன்னா?”

“‘அவர் நல்ல இடத்துக்குத்தான் போயிருப்பார்’னா. ‘ஆமா, அங்க கொசு மட்டும்தான் ஜாஸ்தி’ன்னேன்.”

இஸ்மேயைக் குற்றம் சொல்லி எழுதாதே. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நானும் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

நான் மூன்றாம் தேதி மத்தியானம் ஒரு லாரி நிறையப் பலகையோடு கோயில் வளாகத்தில் வந்து இறங்கினேன். கோயிலுக்கு அடியில், அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும் கால்மரங்களுக்கு நடுவே இருக்கும் நிழலில், கட்பர்ட் பெய்ன் தனியாக டோமினோ ஆடிக்கொண்டிருந்தான். கட்பர்ட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். கோயிலுக்கு மேற்கே, பலாப் பழம் போலப் பெரிய ஈரப்பலா காய்க்கும் வீடு, நம் சபையின் இன்னொரு டீக்கன், கொத்தனார் வேலையில் ஓய்வு பெற்றவன், ஆகவே காங்கிரீட் கட்சிக்குத் தலைவன். தலையைத் தூக்காமலே சொன்னான்:

“வா, சைலஸ். நீ செத்துட்டே, தெரியுமா?”

“எப்போ?”

“பக்கம் முப்பத்தொண்ணு.”

“யார் சொன்னது?”

“சபையே சொல்லிடுச்சு. ஒண்ணாந் தேதி கூட்டத்துல கை தூக்கி ஏத்துக்கிட்டோம். நானும்தான் தூக்கினேன். உக்காரு, தனியா ஆடி அலுத்துப்போச்சு. ரெண்டு மாசமா நானே ஜெயிக்கறேன், நானே தோக்கறேன்.”

நடந்தது இதுதான். உன் புத்தகங்கள் உடுப்பும் பால் டின்னும் அடைத்த பீப்பாயில் கப்பலேறி வந்து ஜூலை முப்பத்தொன்றாம் தேதிதான் கரை சேர்ந்தன. மறுநாள் அடிமைத்தனம் ஒழிந்த விடுதலை நாள், சபையின் ஆண்டு விழாவும் அன்றுதான். ஆராதனை நீண்டுவிட்டது, விருந்துக்கு வைத்த குக்-அப் சாதம் பானையில் ஆறிக்கொண்டிருந்தது. புத்தகத்தைச் சபையின் உண்மையான வரலாறாக ஏற்கிறோமா என்று போதகர் டெல்ராய் கேட்டார். ஒருவரும் ஒரு பக்கம் திருப்பிப் பார்க்காமல் முப்பத்தொன்பது கைகளும் மேலே போயிருக்கின்றன. சாதத்துக்காக என்னைச் செத்தவனாக்கிவிட்டார்கள்.

இனி உன் புத்தகத்துக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம்தான் இருந்தேன், பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. அதனால் ஒரு வரியையும் விடாமல் படிப்பேன். என்னைப் பற்றி, ‘மென்மையான சுபாவம் கொண்டவர், யாரும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை’ என்று எழுதியிருக்கிறாய். இதைக் கட்பர்ட்டுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் அவனுடைய மேல் பல்வரிசை டோமினோக் கட்டைகளுக்கு நடுவே விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இந்தப் பொண்ணு வேற யாரையோ அடக்கம் பண்ணியிருக்கா” என்றான். ‘விட்டுக்கொடுப்பதில் முன்மாதிரி’ என்ற வரியை நான் அவனுக்குப் படிக்கவில்லை. அவனுக்கு எண்பது வயது, எதற்கு வம்பு.

என்னைப் பற்றியதையாவது பொறுத்துக்கொள்வேன். கோயிலைப் பற்றி எழுதியிருப்பதைப் பொறுக்க முடியாது. ஐந்தாம் பக்கத்தில், இந்தக் கோயிலை ரெவரெண்ட் ஹார்ட்னல் தம் சொந்தக் கைகளால் கட்டினார் என்கிறாய். மகளே, இங்கிலாந்திலிருந்து வந்த அந்த மனிதர் இந்த ஊருக்கு வந்ததே இரண்டு தடவை. முதல் தடவை குளிர்காய்ச்சலில் துணி ஊஞ்சலில் படுத்தே கிடந்தார். இரண்டாம் தடவை அடிக்கல் நாட்ட வந்தார், நாட்டினார், ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்து பார்த்தால் கல்லைக் காணோம். சேறு விழுங்கிவிட்டது. நம் கோயிலின் அடிக்கல் இன்னும் கீழே போய்க்கொண்டுதான் இருக்கிறது. கோயிலைக் கட்டியது யார் என்றால், அடிமைத்தனம் ஒழிந்து இந்தத் தோட்டத்தை வாங்கி ஊராக்கினவர்கள். பகலெல்லாம் வேறு தோட்டத்தில் கரும்பு வெட்டிவிட்டு வந்து, சாயங்காலம் இருட்டும்வரை கட்டினார்கள். முதலில் கட்டிய ஓலைக் கோயிலைக் கடல் கொண்டுபோனது. மூன்று வாரம் ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள், பிறகு மரத்தில் கட்டினார்கள். இருக்கைகளைச் சபை செய்யவில்லை, ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தானே செய்துகொண்டது. அதனால்தான் ஒன்றுபோல் ஒன்று இல்லை. நம் குடும்பம் குட்டை, நம் இருக்கை குட்டை. பெய்ன் குடும்பத்து இருக்கையில் நான் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. நீ இதை ‘கிராமியக் கலையின் பன்முகத்தன்மை’ என்று எழுதியிருக்கிறாய். கலை இல்லை அம்மா, முழங்கால்.

பன்னிரண்டாம் பக்கம் எல்லாவற்றிலும் மோசம். கோயில் வாசல் ஏன் பெருவழிக்குப் பக்கவாட்டில் இருக்கிறது என்பதற்கு நீ சொல்லும் காரணம், முன்னோர்கள் ஆழ்ந்த ஆன்மிக நோக்கோடு அதை உதயசூரியனை நோக்கி அமைத்தார்கள் என்பது. வாசல் இருப்பது மேற்கே. அங்கே சூரியன் மறைகிறது. நூற்றெழுபத்தைந்து வருடமாக மறைகிறது. உண்மையில் நடந்ததை என் அப்பா எனக்குச் சொன்னதுபோல உனக்குச் சொல்கிறேன், அடுத்த பதிப்பில் அப்படியே போடு. 1913இல் கடல் மறுபடி ஏறி வந்தது. கோயிலை உள்ளே நகர்த்துவது என்று சபைக் கூட்டம் தீர்மானம் போட்டது. நமக்கு மேலே பிஷப் கிடையாது, யாரும் உத்தரவு போட முடியாது, சபை கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும், சபை கை தூக்கியதற்கு மேல் எதுவும் நடக்கவும் கூடாது. ஆகவே கோயிலைக் கால்மரங்களிலிருந்து இறக்கி, உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, எட்டு மாடும் ஊர் மொத்தமும் வடம் பிடித்து இழுத்தார்கள். முன்வடத்தில் உன் கொள்ளுத்தாத்தா எசேக்கியேல். உள்ளே ஆர்மோனியப் பெட்டி இருந்தது, அதை வெளியே எடுக்கத் தீர்மானம் இல்லை. அதை வாசிக்கும் மிஸ் அடைனாவை இறக்கவும் தீர்மானம் இல்லை, அதனால் அவரும் உள்ளே உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்தார். வரப்பு திரும்பும் இடத்தில் மழை பிடித்தது. உருளைகள் வழுக்கி, கோயில் மெதுவாக ஒரு கால் சுற்று சுற்றிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் வடத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் அங்கேயே சபைக் கூட்டம் கூட்டினார்கள். போட்ட தீர்மானத்தில் ‘நகர்த்துவது’ என்று இருந்ததே தவிர, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று இல்லை. திருப்ப வேண்டும் என்று பாதிப் பேர், வாசலுக்கு ஈரப்பலா நிழல் வந்துவிட்டது, இப்படியே இருக்கட்டும் என்று கட்பர்ட்டின் தாத்தா தலைமையில் பாதிப் பேர். ஓட்டு சமம். தீர்மானம் விழுந்தது. அப்படியே கால்மரம் நட்டு ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து பெருவழியில் இறங்கும் எவனும் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். இதில் எங்கே வந்தது உதயசூரியன்?

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்த மரக் கோயில் ஒரு தடவை எழுந்து நடந்திருக்கிறது. கடல் சுவர் இருக்கிறது, மதகு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஆனாலும் கடல் மறுபடி வரும், போன வருடமே என் ஆட்டுக் கொட்டகைவரை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு மரக் கோயிலை இழுத்துக்கொண்டு நகரலாம். காங்கிரீட்டை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். ஒரு கல்லையே தாங்காத சேறு ஒரு கட்டடத்தை எப்படித் தாங்கும்? போதகர் காட்டும் வரைபடத்தில் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள், தரைக்கு ஓடு. உன் சித்தி ஐனிஸ் நாற்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் மெழுகு தேய்த்துத் தேங்காய் மட்டையால் மெருகேற்றிய தரை அது. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது, மழைக்காலத்தில் சன்னல்களை மூடினால் அந்த மெழுகு வாசனை இன்னும் வருகிறது. இதைச் சபைக் கூட்டத்தில் நான் சொல்ல மாட்டேன், அது ஒரு வாதம் இல்லை. உன்னிடம் சொல்கிறேன்.

சரி, பட்டியலிலிருந்து பெயர் போனதற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை போதகர் வீட்டுக்குப் போய் அவர் எதிரில் நின்று, “போதகரே, என்னைப் பாருங்க” என்றேன்.

“பாக்கறேன் டீக்கனய்யா. நல்லா கருத்துட்டீங்க, ஆத்து வெயில்.”

“நான் உயிரோட இருக்கேனா இல்லியா?”

“எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா சபைக்கு அது தெரியாது. சபை கை தூக்கி ஏத்துக்கிட்ட வரலாறுல நீங்க இல்ல.”

“அப்ப இன்னொரு தரம் கை தூக்கச் சொல்லுங்க.”

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சபை விதிப் புத்தகத்தை எடுத்து, 1987ஆம் வருடத்து விதியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சபை கை தூக்கி ஏற்ற எதையும் ஆறு மாதத்துக்கு யாரும் தொடக் கூடாது, அதைக் கொண்டுவந்தவரே எழுத்தில் கையொப்பமிட்டுத் திரும்பப் பெற்றால் ஒழிய. முன்மொழிந்தவர் சைலஸ் ட்ராட்மன். ஆம், நான்தான். அந்த வருடம் கூரைக்குச் சிவப்பு என்று முடிவு செய்தோம், மறுவாரம் கட்பர்ட் ஆள் திரட்டிப் பச்சை என்று மாற்றினான், அதற்கு மறுவாரம் நான் திரட்டினேன், வண்ணம் அடிக்க வந்தவன் இரண்டு மாதம் கூரையிலிருந்து இறங்கவில்லை. அதற்காகப் போட்ட விதி. நல்ல விதி. இப்போதும் சொல்கிறேன், அதில் ஒரு எழுத்தும் தவறு இல்லை. என் மேல் விழுந்துவிட்டது என்பதற்காக விதியைத் திட்ட நான் சின்னப் பிள்ளை இல்லை.

வேறு வழி ஒன்று இருக்கிறது என்று இஸ்மே சொன்னாள். நான் புது ஆள் போல உறுப்பினராக மனுப் போடலாமாம். புது ஆள் என்றால் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து விசுவாசத்தை விசாரித்துச் சபைக்குச் சொல்ல வேண்டும். நான் சரி என்று சொல்வதற்கு முன்பே, சனிக்கிழமை காலையில் இஸ்மேயும் கட்பர்ட்டும் கோட்டு கவுன் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். கட்பர்ட் கையில் தாள்.

“உங்க பேர் என்ன?” என்றான்.

“என்ன கட்பர்ட், பைத்தியமா?”

“எழுதணும்ல. பேர்?”

“உன்னை வாய்க்கால்லேர்ந்து ரெண்டு தரம் தூக்கினவன் பேர்.”

“விண்ணப்பதாரர் பதில் சொல்ல மறுக்கிறார்னு எழுதிக்க, இஸ்மே. அடுத்தது. பிறர்மேல் கோபமும் பகையும் இல்லாம இருக்கீங்களா?”

“இப்ப நீ வர்ற வரைக்கும் இருந்தேன்.”

“டீக்கனய்யா, ஆமான்னு சொல்லிடுங்களேன், ஒரு வார்த்தைதானே” என்றாள் இஸ்மே.

“அறுபத்துமூணு வருஷம் இந்தச் சபையில இருந்துட்டு இன்னிக்குப் புதுசா வந்தேன்னு கையெழுத்துப் போட்டா, அந்த அறுபத்துமூணு வருஷம் யார் இருந்தது? நான் கொடுத்த ஓட்டெல்லாம் யார் கொடுத்தது?”

“கையெழுத்துப் போட்டா ஓட்டு கிடைக்கும்டா, சைலஸ்” என்றான் கட்பர்ட். இந்த ஒரு வாக்கியத்தை அவன் தாளைப் பார்க்காமல் சொன்னான். எனக்கு ஓட்டு கிடைத்தால் தோற்பது அவன் கட்சி. அதையும் நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் போடவில்லை. ஈரப்பலா வறுத்து வைத்திருந்தேன், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன, யார் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், கவனமாகப் படி. நீ ஒரு வெள்ளைத் தாளில், முப்பத்தோராம் பக்கம் ஏழாவது பெயரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, மையால் கையொப்பமிட்டு, இருபத்தேழாம் தேதிக்குள் இங்கே வந்து சேரும்படி அனுப்ப வேண்டும். என்னைப் படம் பிடித்து உனக்குத் தொலைபேசியில் அனுப்பிவிடலாம் என்று இஸ்மே சொன்னாள், நான் கூடாது என்றேன். படம் எப்போது எடுத்ததாகவும் இருக்கலாம், விதியில் எழுத்து என்றுதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை இஸ்மேயின் தங்கை கிளாடெட் புதன்கிழமை டொரொண்டோவுக்குப் பறக்கும்போது கையோடு கொண்டுவந்து உன்னிடம் தர வேண்டும். நீ எழுதியதைப் போதகர் கூட்டத்தில் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். இஸ்மே என் பெயரைப் பழைய இடத்திலேயே எழுத வேண்டும், கடைசியில் எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்பர்ட் தான் கேட்ட கேள்விகளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த பதிப்பில் உதயசூரியனை எடுத்துவிட்டுச் சேற்றைப் போட வேண்டும்.

உன் தொண்டைக் கரகரப்பு தீர்ந்ததா? அங்கே பனி கொட்ட ஆரம்பிக்குமுன் கம்பளிக் காலுறை வாங்கிக்கொள், உன் அப்பாவுக்கும் பாதம்தான் முதலில் சில்லிடும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. எழுதிய தப்பு உன்னுடையது என்றாலும், அட்டையில் இருந்த அந்த நாலு வரியை யாரும் சொல்லிக்கொடுத்து நீ எழுதியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உயிரோடிருக்கும் உன் சித்தப்பா,
டீக்கன் சைலஸ் ட்ராட்மன்.

பின்குறிப்பு. ஆகஸ்ட் 28. கிளாடெட் இந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டி மேல் ஒரு பூசணிக்காய்க்கு அடியில் வைத்துவிட்டு மறந்து பறந்துவிட்டாள். இன்று காலைதான் பூசணியை வெட்டினார்கள், கடிதம் திரும்ப என் கைக்கு வந்தது. நேற்றுக் கூட்டம் முடிந்துவிட்டது. எனக்கு உள்ளே இடம் இல்லாததால், கோயிலுக்கு அடியில் என் பலகைகள் மேல் உட்கார்ந்து, தரை இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை ஆட்சேபித்தேன். “கீழேர்ந்து வர்ற சத்தம் குறிப்பேட்டில் ஏறாது” என்று போதகர் மேலேயிருந்து சொன்னார். இடிப்பதற்குக் கை தூக்குங்கள் என்றதும் காலடி அசைந்தது, இஸ்மே எண்ணினாள், பத்தொன்பதில் நின்றுவிட்டது. “டீக்கன் பெய்ன், உங்க கை?” என்றார் போதகர். சரியாக என் தலைக்கு மேலே கட்பர்ட் எழுந்து நின்றான், அவன் குடும்பத்து இருக்கை அங்கேதான்.

“அம்பது வருஷமா நான் கை தூக்கினா சைலஸ் தூக்க மாட்டான், அவன் தூக்கினா நான் தூக்க மாட்டேன். இன்னிக்கு எதிர்ல அந்தக் கை இல்ல. எனக்குக் கை எழும்ப மாட்டேங்குது, போதகரே. உயிரோட இருக்கறவனை ஜெயிக்கலாம். செத்தவனை ஜெயிச்சேன்னு வீட்டுல போய் எப்படிச் சொல்றது? அதுவும் அவன் கீழ உக்காந்து கேட்டுட்டு இருக்கறப்போ.”

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது, இடிக்கும் தீர்மானம் விழுந்தது. அப்புறம் அவன் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தான்: மறைந்த டீக்கன் சைலஸ் ட்ராட்மனின் நினைவாக இந்த மரக் கோயிலைப் பழுதுபார்த்து நிறுத்துவது. செத்தவன் பெயரில் வந்ததை எதிர்த்து ஒருவராலும் கை தூக்க முடியவில்லை. போதகர்கூடத் தூக்கினார். முப்பத்தொன்பதும் ஒரே பக்கம், இந்தச் சபையில் இதுவரை நடக்காதது. விதிப்படி ஆறு மாதத்துக்கு யாரும் இதைத் தொட முடியாது, முப்பத்தோராம் பக்கத்தை நீ எழுத்தில் திரும்பப் பெற்றால் ஒழிய. நான் உயிரோடிருப்பது நிரூபணமானால் நினைவு எங்கே, தீர்மானம் எங்கே?

ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் செய்யாதே. நீ எதையும் எழுத வேண்டாம், கையொப்பம் போட வேண்டாம், யார் கேட்டாலும் துக்கமாக இரு. இஸ்மே என் பெயரை எங்கும் எழுதக் கூடாது. போதகர் ஞாயிறுதோறும் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் வசனம் வாசிக்க வேண்டும். கட்பர்ட் நாளைக் காலையிலிருந்து தெற்குச் சுவரில் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மறு முனையை நான் பிடித்து, மார்ச் மாதம்வரை வாயைத் திறக்காமல் செத்திருந்து, ஆணி அடிக்க வேண்டும்.